ஆறுகிற புண் ஏன் அரிக்கிறது?

வணக்கம் நேயர்களே. ராமநாதபுரம் கடற்கரைக் கிராமங்களில் முப்பது வருடத்துக்கு மேல் அரசு செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதி நாள் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற அறையில்தான் போயிருக்கும். நம் கரையில் புண் படாத உடம்பு கிடையாது. மரிக்கொழுந்து என்ற கடல்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிற பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள், அப்படியும் கடலுக்கு அடியில் இருக்கிற பவளப் பார் கிழித்துவிடுகிறது. வலைக் கயிறு உள்ளங்கையை அறுக்கும், கெளுத்தி முள் குத்தும். கரை ஏறினால் சீமைக்கருவேல முள் செருப்பையும் தாண்டி ஏறும்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும்போதுதான் பலரும் புண்ணைக் காட்ட வருவார்கள். அப்படி ஒரு நாள் ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் நீளத்துக்குப் புண், மேலே கறுத்த பக்கு கட்டியிருந்தது. இடுப்பில் செருகியிருந்த வலை ஊசியை எடுத்து, அதன் முனையால் பக்கின் ஓரத்தை மெதுவாக நெம்பிக்கொண்டே இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, அவ்வளவு சுகமாக. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் பெயர்ந்து, அடியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் கசிந்தது. “அரிச்சா ஆறுதுன்னு அர்த்தம்தானே சிஸ்டர்?” என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நம் பெரியவர்கள் காலகாலமாகச் சொல்லி வருவதுதான். ஆனால் அந்தப் பேச்சை முழுசாக நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

கிழிந்த வலையைப் பொத்தும்போது என்ன செய்வீர்கள்? இற்றுப்போன கண்ணிகளை முதலில் வெட்டி எடுப்பீர்கள். அப்புறம் நல்ல ஓரத்திலிருந்து கண்ணி கண்ணியாகப் பின்னி நடுவுக்கு வருவீர்கள். உடம்பும் அப்படித்தான் செய்கிறது. முதல் சில நாட்கள் கெட்டுப்போனதையும் கிருமியையும் ரத்த அணுக்கள் அகற்றும். பிறகு புதுத் தோலின் அணுக்கள் ஓரத்திலிருந்து பக்குக்கு அடியில் ஊர்ந்து வரும். புண்ணின் வாயும் உள்நோக்கிச் சுருங்கி இழுக்கும். இந்த வேலை நடக்கிற இடத்தில் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் சுரக்கிறது. ரத்தக் குழாயை விரித்து உதவி வரவழைப்பது அதன் வேலை, ஆனால் நரம்பு நுனியில் பட்டால் அரிப்பையும் அதுவே கிளப்பும். கொசு கடித்தால் அரிப்பதும் இதனால்தான். அறுபட்ட மெல்லிய நரம்புகளும் அப்போது திரும்ப வளர்ந்துகொண்டிருக்கும். வலியைச் சொல்கிற நரம்புகளும் அரிப்பைச் சொல்கிற நரம்புகளும் ஒரே இனம். புதிதாக வளர்கிறவை சின்ன உரசலுக்கும் சத்தம் போடும்.

இதோடு வறட்சி சேர்கிறது. புதுத் தோலில் எண்ணெய்ப் பசை குறைவு. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மணலும் உப்பும் அதன் மேல் படிந்து காயும். பக்கு இறுகி, பக்கத்துத் தோலை இழுக்கும். அப்போது கை தானாக அங்கே போகும்.

சொறிந்தால் ஏன் சுகமாக இருக்கிறது? நகம் உண்டாக்கும் சிறு வலி, தண்டுவடத்தில் அரிப்பின் சேதியைக் கொஞ்ச நேரம் அமுக்கிவிடுகிறது. ஆனால் அந்த வலியைத் தணிக்க மூளை செரோட்டோனினை விடும்போது அதுவே அரிப்பை மறுபடி தூண்டுகிறது. அதனால்தான் சொறியச் சொறிய அடங்குவதில்லை. புதுத் தோலும் கிழிந்து வேலை திரும்ப முதலிலிருந்து தொடங்கும், நக இடுக்கின் அழுக்கும் உள்ளே போகும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கையை விரித்து, புண்ணுக்குப் பக்கத்து நல்ல தோலில் உள்ளங்கையால் அழுத்துங்கள், அல்லது லேசாகத் தட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் குளிர்ச்சி. நம் ஊரில் ஐஸுக்குக் குறைவில்லை. ஆனால் மீனுக்குப் போடுகிற ஐஸ் புண்ணில் படக் கூடாது. பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே சுத்தமான துணி சுற்றி, பத்து நிமிடம் சுற்றுப்புறத்தில் ஒற்றி எடுங்கள். அம்மை கண்ட பிள்ளைக்கு வேப்பிலைக் கொத்தால் வருடிவிடுகிறோமே, நகம் படாமல் அரிப்பைத் தணிக்கிற எத்தனை நல்ல யோசனை அது! கழுவிய கொத்தால் புண்ணைச் சுற்றி வருடலாம், புண்ணின் மேல் வேண்டாம்.

புண்ணைக் காயவிட்டால்தான் ஆறும் என்று இன்னமும் நம்புகிறோம். 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சோதித்துப் பார்த்தார். மூடி ஈரப்பதமாக வைத்த புண்ணில், திறந்து காயவிட்டதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் புதுத் தோல் மூடியது. ஆகவே சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுக் கழுவி, ஒற்றி எடுத்து, வாஸ்லினை மெல்லிசாகத் தடவி, சுத்தமான துணியால் மூடுங்கள். பக்கு இளகும், இழுப்பு குறையும், அரிப்பும் தணியும்.

கடல் தண்ணீர் பட்டால் ஆறும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. மருத்துவமனையில் புண் கழுவுகிற உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. கடல் தண்ணீரிலோ ஏறக்குறைய 35 கிராம். போதாததற்கு, திறந்த புண்ணில் புகுந்து ஒன்றிரண்டு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடக்கூடிய விப்ரியோ என்ற கிருமி வகை வெதுவெதுப்பான கடல் நீரில் வாழ்கிறது. கடலில் பட்ட காயத்தைக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். சுண்ணாம்பு, காப்பித்தூள், புகையிலை, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

மெடிக்கலில் “அரிப்புக்கு ஒரு கிரீம் குடுங்க” என்று கேட்டு வாங்குவது எனக்குப் பெரிய கவலை. அப்படிக் கைக்கு வரும் பல கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு மாயமாக நிற்கும், புண் ஆறுவதும் தாமதமாகும், தோலும் மெலிந்துபோகும். அரிப்பு மாத்திரையையும் மருத்துவரைக் கேட்டே போடுங்கள். சிலவற்றில் தூக்கம் சொக்கும், போட்டுக்கொண்டு ராத்திரிக் கடல் தொழிலுக்குப் போகவே கூடாது.

அரிக்கிறதெல்லாம் ஆறுவதன் அடையாளம் என்று நினைத்துவிடவும் கூடாது. ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் வடிவத்திலேயே, கோடு போட்டது போலச் சிவந்து அரித்தால் அது அந்தப் பசையின் ஒவ்வாமை. பிளாஸ்திரியை மாற்றுங்கள். சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, சூடு, சீழ், நாற்றம், குறைய வேண்டிய வலி கூடுவது, காய்ச்சல் என்று எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

சர்க்கரை உள்ளவர்களிடம் இன்னொன்று. உள்ளங்காலில் முள் தைத்தது தெரியாமலே பத்து நாள் தொழிலுக்குப் போன ஒரு சம்மாட்டியை, அதாவது படகு முதலாளியை, பார்த்திருக்கிறேன். “வலிக்கவும் இல்ல, அரிக்கவும் இல்ல, அதான் விட்டுட்டேன்” என்றார். நரம்பு மரத்துப்போய்விட்டால் எந்தச் சேதியும் வராது. புண்ணைச் சுத்தம் செய்தபோது உள்ளே எலும்பு தெரிந்தது. நீங்கள் தினமும் ராத்திரி வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆழமான புண்ணும் தீப்புண்ணும் மூடிய பிறகும் தழும்பு மாதக்கணக்கில் அரிக்கும். என் சிசேரியன் தழும்பு பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகும் மாலை நேரங்களில் அரித்தது, தேங்காயெண்ணெய் தடவி அழுத்திவிடுவேன். நன்றாக மூடிய தோல் என்றால் அது போதும். ஆனால் தழும்பு தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால் அது கெலாய்டு. நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது அதிகம் வருகிறது. எண்ணெயோடு விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், ஊசியும் சிலிகான் பட்டையும் உண்டு.

புதிய தழும்பை வெயிலில் விடாதீர்கள், கறுத்துப்போகும். மீன் காயப்போடும்போதும் பாசி உலர்த்தும்போதும் ஒரு பருத்தித் துணியால் மூடிக்கொள்ளுங்கள். வணக்கம்.