விக்டோரியா டே வரை காத்திருக்காத விதைகள்

வணக்கம் நேயர்களே.

ரொறன்ரோவில் கத்தரி, மிளகாய், தக்காளிக் கன்றுகளை, மே 25க்கு முந்திய திங்களன்று வரும் விக்டோரியா டே விடுமுறை கழிந்துதான் வெளியில் நடவேண்டும். அது சரியான பேச்சுத்தான். ஆனால் பட்டாணியையும் ஸ்பினாச்சையும் அதுவரை வைத்திருந்தால் விதைத்தது வீண். இவற்றுக்குப் பகை உறைபனியல்ல, வெயில். மே கடைசியில் போட்ட பட்டாணி பூக்கும்போது ஜூலை நடுவாகிவிடும். 27 பாகை செல்சியஸைத் தாண்டும் நாட்களில் பூ காய் பிடிக்காமல் உதிரும். ஸ்பினாச்சுக்குப் பகலின் நீளமும் கணக்கு: 14 மணித்தியாலத்தைத் தாண்டினால் இலையை விட்டுப் பூத்தண்டு தள்ளத் தொடங்கும். ரொறன்ரோவில் மே முதல் வாரத்திலேயே பகல் அவ்வளவு நீண்டுவிடுகிறது.

அப்போ எப்போது விதைப்பது? கலண்டரை விடுங்கள், மண்ணைப் பாருங்கள். இறைச்சிக்குக் குத்திப் பார்க்கிற தெர்மாமீற்றரே போதும். காலையில் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில், மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள். 5 பாகையிலும் பட்டாணி முளைக்கும்; ஆனால் ஐந்து கிழமை எடுக்கும், அதற்குள் பாதி அழுகிவிடும். 10 பாகையில் இரண்டு கிழமை. 7, 8 காட்டினால் துணிந்து போடலாம். பெரும்பாலும் அது ஏப்ரலில் அமையும்.

சூடு வந்தாலும் ஈரம் வடிந்திருக்க வேண்டும். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பெருவிரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். களிபோல நசிந்தால் மண்வெட்டியைத் தொடாதீர்கள். ஸ்காபரோவின் களிமண்ணை ஈரத்தில் கொத்தினால் கட்டி கட்டியாய் இறுகி, கோடை முழுக்க வேர் இறங்காது. உயர்த்திய பாத்தி என்றால் முன்னதாகவே வடிந்து சூடேறும்.

பட்டாணியை 3 சென்ரிமீற்றர் ஆழத்தில், 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஊன்றுங்கள். முள்ளங்கிக்கு 1 சென்ரிமீற்றர் ஆழம் காணும். பத்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாய்ப் போடுங்கள்.

பூக்கோவாவில் மட்டும் அவசரம் வேண்டாம். இளங்கன்று நெடுநாள் குளிரில் நின்றால் பொத்தான் அளவில் பூ வைத்து அதோடு நின்றுவிடும். 5, 6 கிழமைக் கன்றை ஒரு கிழமைக்கு மேலாக வெளிக்காற்றுக்குப் பழக்கி, ஏப்ரல் கடைசியில் நடுங்கள். அதன்பின் இரவில் உறைபனி வருமென்றால் பழைய படுக்கை விரிப்பால் மூடி, காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.