சாம்பல் நிற மாதிரியில் எதைப் பார்க்க வேண்டும்? புதிய டைனோசர் பொம்மை வரிசைக்காகக் காத்திருப்பவர்களுக்கு

[திரையில்: வண்ணம் பூசாத, சாம்பல் நிற டைனோசர் உருவம் ஒன்று மெதுவாகச் சுழல்கிறது.]

புதிய டைனோசர் பொம்மை வரிசை ஒன்று வரவிருக்கிறது என்ற செய்தியோடு முதலில் நம் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இப்படி ஒரு படம்தான். அதில் வண்ணம் இல்லை, கண்ணில் பளபளப்பு இல்லை, விலையும் சொல்லப்படவில்லை. கடைக்கு வர இன்னும் பல மாதங்கள் இருக்கும். ஆனாலும் சேகரிப்பாளர்கள் இந்த ஒரே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, விரல்களை எண்ணி, உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கவனித்து, வாலின் நீளத்தை உடலோடு ஒப்பிட்டு, நாள்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எதைத் தேடுகிறார்கள், அந்தத் தேடலுக்கு ஏன் இவ்வளவு பொறுமை தேவைப்படுகிறது என்பதை இந்த வீடியோவில் விளக்குகிறேன்.

முதலில் ஓர் அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும். சிங்கப் பொம்மை செய்பவர் சிங்கத்தைப் பார்த்துச் செய்கிறார். டைனோசரை யாரும் பார்த்ததில்லை. எலும்பு, அபூர்வமாகக் கிடைக்கும் தோலின் பதிவு, காலடித் தடம் ஆகியவற்றைக் கொண்டு ஆய்வாளர்கள் ஊகிக்கும் உருவத்தைத்தான் சிற்பி வடிக்கிறார். ஆகவே ஒவ்வொரு டைனோசர் பொம்மையும், அது செய்யப்பட்ட ஆண்டில் அந்த விலங்கைப் பற்றி மனிதர்கள் என்ன நினைத்தார்கள் என்பதன் பதிவாகிவிடுகிறது. புதிய வரிசைக்காகக் காத்திருக்கும்போது, அந்த விலங்கைப் பற்றிய இன்றைய கருத்து எப்படி உருவெடுக்கப் போகிறது என்பதற்காகவும் சேர்த்தே காத்திருக்கிறோம்.

[திரையில்: மூக்கில் கொம்புடன் நிற்கும் இகுவானோடான் சிலை.]

லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்காகப் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி வடித்த முழு அளவு டைனோசர் சிலைகள் 1854-இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. டைனோசர் என்ற பெயரை 1842-இல் உருவாக்கிய ரிச்சர்ட் ஓவன் அவருக்கு ஆலோசனை வழங்கினார். அந்தச் சிலைகளில் இகுவானோடானின் மூக்கின் மேல் ஒரு கொம்பு இருக்கும். அது கொம்பே அல்ல, கட்டை விரலின் முள் என்பது முழுமையான எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் தெரிந்தது. சிலை இன்றும் அதே கொம்போடு நிற்கிறது. பொம்மைகளும் அப்படித்தான்; ஒருமுறை அச்சில் வார்த்த கருத்தைத் திரும்பப் பெற முடியாது.

அமெரிக்காவின் மார்க்ஸ் நிறுவனம் 1955 முதல் விற்ற பிளாஸ்டிக் டைனோசர்கள் வாலைத் தரையில் ஊன்றி, வயிறு தள்ளி, நிமிர்ந்து நின்றன. அந்தக் காலத்தில் டைனோசர் என்றால் சோம்பேறிப் பல்லி என்றே பலரும் நம்பினார்கள். 1969-இல் ஜான் ஆஸ்ட்ரம் டைனோனிக்கஸ் என்ற விலங்கை வேகமாக ஓடி வேட்டையாடும் ஒன்றாக விவரித்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பிரிட்டனில் இன்விக்டா நிறுவனம் 1974 முதல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோடு இணைந்து வெளியிட்ட உருவங்களும், 1988 முதல் 2015 வரை சஃபாரி நிறுவனம் பிட்ஸ்பர்கின் கார்னகி அருங்காட்சியகத்தின் ஒப்புதலோடு வெளியிட்ட கார்னகி வரிசையும் இந்த மாற்றத்தின் வெவ்வேறு கட்டங்களைக் காட்டுகின்றன. கார்னகி வரிசையின் பழைய உருவத்தையும் புதிய உருவத்தையும் அருகருகே வைத்தால், வால் தரையிலிருந்து எழும்பி, முதுகு கிடைமட்டமாகி, உடல் இறுகிவருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இனி அந்தச் சாம்பல் நிறப் படத்துக்குத் திரும்புவோம். முதலில் பார்க்க வேண்டியது கைகளை. டைரனோசாரஸ், வெலாசிராப்டர் போன்ற இரண்டு கால் ஊனுண்ணிகளின் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி, நாம் கைதட்டப் போகும்போது இருப்பதைப் போல இருந்தன. அவை முயலின் முன்னங்கால்போலத் தரையை நோக்கித் தொங்கினால், சிற்பி எலும்பைப் பார்க்கவில்லை, பழைய படங்களைப் பார்த்திருக்கிறார் என்று பொருள். மிகச் சிறிய விவரம்தான். ஆனால் இதில் கவனமாக இருக்கும் சிற்பி மற்ற இடங்களிலும் கவனமாக இருப்பார் என்பது என் அனுபவம்.

அடுத்தது தோல். 1996-இல் சீனாவின் லியாவ்னிங் பகுதியிலிருந்து சைனோசாரோப்டெரிக்ஸ் அறிமுகமானபோது, பறவையல்லாத டைனோசர் ஒன்றின் உடலில் இழைபோன்ற போர்வை இருந்தது முதன்முறையாகத் தெரியவந்தது. வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு பொருந்தியிருந்த சிறு புடைப்புகள் இருப்பதை 2007-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகையால், அறிவியல் துல்லியம் என்று விளம்பரம் செய்துகொள்ளும் ஒரு வரிசையில் இன்று இறகில்லாத வெலாசிராப்டர் வந்தால் சேகரிப்பாளர்கள் வருத்தப்படுவது நியாயமே. திரைப்பட உருவத்தை அடிப்படையாகக் கொண்ட வரிசைகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அவை திரையில் தோன்றிய விலங்குக்கு உண்மையாக இருந்தால் போதும். எந்த வரிசை எந்த வாக்குறுதியைத் தருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு எடைபோட வேண்டும்.

வாயையும் பாருங்கள். வாயை மூடினாலும் பற்கள் முதலையைப் போல வெளியே தெரிந்தனவா, அல்லது உடும்பைப் போல உதட்டுக்குள் மறைந்திருந்தனவா என்ற விவாதம் நெடுநாளாக இருக்கிறது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, பல்லின் எனாமல் தேய்மானத்தை ஆராய்ந்து, டைரனோசாரஸுக்கு உதடு இருந்திருக்கும் என்று வாதிட்டது. அதனால் இனி வரும் ஒவ்வொரு டைரனோசாரஸ் மாதிரியிலும் எல்லோருடைய கண்ணும் உதட்டில்தான் நிற்கும்.

[திரையில்: ஸ்பைனோசாரஸின் மூன்று உருவங்கள், பழையதிலிருந்து புதியது வரை.]

இந்தக் காத்திருப்பின் வலியை ஒரே விலங்கில் சொல்ல வேண்டுமென்றால் ஸ்பைனோசாரஸைச் சொல்வேன். எகிப்தில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1915-இல் இதற்குப் பெயரிட்டார். அந்த எலும்புகள் 1944 ஏப்ரலில் மியூனிக் நகரின் மீது நடந்த குண்டுவீச்சில் அழிந்துபோயின. அதன்பின் பல ஆண்டுகள் பொம்மைகளில் அது முதுகில் கப்பல் பாய் போன்ற அமைப்பு கொண்ட டைரனோசாரஸாகவே காட்சியளித்தது. 2014-இல் ஆய்வாளர் நிசார் இப்ராஹிம் குழுவினர் அதன் பின்னங்கால்கள் எதிர்பார்த்ததைவிடக் குட்டையானவை என்றார்கள். நிறுவனங்கள் குட்டைக்கால் உருவங்களைச் செய்து முடித்தபோது, 2020-இல் அதே குழு அதன் வால் துடுப்பைப் போல உயரமாகவும் தட்டையாகவும் இருந்தது என்று காட்டியது. ஒல்லி வாலோடு அச்சு வெட்டியவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எஃகு அச்சு செலவு மிகுந்த ஒன்று. அறிவியல் மாறிவிட்டது என்பதற்காக அதை எளிதில் தூக்கியெறிய முடியாது. என் அலமாரியில் மூன்று ஸ்பைனோசாரஸ்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. எதையும் நான் கொடுத்துவிடவில்லை. மூன்றும் சேர்ந்தால்தான் கதை முழுமையாகிறது.

இப்போது அளவுவிகிதம். என் கருத்தில், தனித்தனிப் பொம்மைகளை ஒரு வரிசையாக்குவது இதுதான். கார்னகி வரிசை 40-இல் ஒரு பங்கு என்ற விகிதத்தைக் கடைப்பிடித்தது. அதன்படி ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுள்ள டைரனோசாரஸ் 30 சென்டிமீட்டராகும். 26 மீட்டர் டிப்ளோடோகஸ் 65 சென்டிமீட்டராகும். ஒரு மீட்டர் நீளமுள்ள காம்ப்சோக்னாதஸோ விரல் நுனி அளவுக்கு, வெறும் இரண்டரை சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். சிக்கல் எங்கே வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும். பெரிய விலங்கு அலமாரிக்குள் அடங்காது, சிறிய விலங்கில் விவரம் தெரியாது. டேவிட் சில்வா 2016-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதி திரட்டும் தளம் வழியாகத் தொடங்கிய பீஸ்ட்ஸ் ஆஃப் தி மெசோசோயிக் வரிசை, வெலாசிராப்டர் போன்ற ராப்டர் வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு 6-இல் ஒரு பங்கு விகிதத்தில், மூட்டுகள் அசையும்படி செய்து இதற்கு ஒரு வழி கண்டது. இரண்டு மீட்டர் வெலாசிராப்டர் அந்த அளவில் 33 சென்டிமீட்டருக்கு வந்துவிடுவதால், ஒவ்வொரு இறகையும் செதுக்க இடம் கிடைக்கிறது. புதிய வரிசையின் அறிவிப்பில் விகிதம் எழுதப்படாவிட்டால் எனக்கு நம்பிக்கை குறைந்துவிடும். எல்லாப் பெட்டியும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதற்காக எல்லா விலங்கையும் ஒரே நீளத்துக்கு ஆக்கிவிட்டால், அருகருகே வைக்கும்போது பெரிய ட்ரைசெராடாப்ஸும் சிறிய காம்ப்சோக்னாதஸும் ஒரே அளவாகத் தெரியும்.

எந்தெந்த விலங்குகள் வருகின்றன என்பது அடுத்த கேள்வி. முதல் அறிவிப்பில் டைரனோசாரஸும் ட்ரைசெராடாப்ஸும் இருப்பதைக் குறை சொல்ல முடியாது. விற்பனை நடந்தால்தான் வரிசை நிலைக்கும். ஆனால் ஒரு வரிசையை அதன் மூன்றாவது, நான்காவது உருவத்தை வைத்தே நான் மதிப்பிடுகிறேன். யாரும் கேட்காத ஒரு தாவர உண்ணியை, ஒரு வாத்து மூக்கு டைனோசரை, கவசம் பூண்ட ஒரு குட்டையான விலங்கைச் செய்யத் துணிகிறார்களா என்று பார்க்கிறேன். டைனோகெய்ரஸ் நல்ல எடுத்துக்காட்டு. 1965-இல் மங்கோலியாவில் 2.4 மீட்டர் நீளமுள்ள அதன் கைகளும் வேறு சில எலும்புகளும் மட்டுமே கிடைத்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தக் கைகளுக்கு உரிய உடல் எது என்று யாருக்கும் தெரியவில்லை. 2014-இல் முழு உருவம் வெளியானபோது, முதுகில் திமிலும் வாத்து போன்ற மூக்கும் கொண்ட ஒரு விந்தையான உயிர் வெளிப்பட்டது. அப்படி ஒரு விலங்கைப் பொம்மையாகக் கையில் எடுக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சியைப் பத்தாவது டைரனோசாரஸ் தருவதில்லை.

வண்ணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலான டைனோசர்களின் நிறம் ஊகமே. ஆனால் சிலவற்றில் நிறமித் துகள்களின் வடிவம் புதைபடிவத்தில் எஞ்சியிருக்கிறது. சைனோசாரோப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்தன என்று 2010-இல் தெரிந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துச் சுரங்கம் ஒன்றில் 2011-இல் கிடைத்து, 2017-இல் விவரிக்கப்பட்ட போரியலோபெல்டா என்ற கவச டைனோசரின் முதுகு செம்பழுப்பாகவும் அடிப்பகுதி வெளிறியும் இருந்ததாகக் கணித்திருக்கிறார்கள். இந்த விலங்குகளை நீலத்திலோ பச்சையிலோ வெளியிட்டால் அது கவனக்குறைவு. மற்றவற்றில் சிற்பிக்குச் சுதந்திரம் உண்டு.

கடைசியாக, படத்தில் தெரியாத ஒன்று. சாம்பல் மாதிரி பெரும்பாலும் கணினியில் வடித்து, முப்பரிமாண அச்சில் எடுத்தது. அதன்பின் ஒரு கலைஞர் நிதானமாக வண்ணம் பூசிய மாதிரியைப் படமெடுக்கிறார்கள். நம் கைக்கு வருவது அதுவல்ல. எஃகு அச்சில் பிவிசி என்ற மென்மையான பிளாஸ்டிக்கை வார்த்து, துண்டுகளை ஒட்டி, தொழிற்சாலையில் வேகமாக வண்ணம் அடித்த பிரதிதான் வருகிறது. கழுத்திலும் தொடையிலும் ஒட்டுக்கோடு தெரியும்; கண்ணின் கருமணி ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் முகம் மாறிவிடும். அதனால் தொழிற்சாலைப் பிரதியின் படம் வரும்வரை முன்பதிவைத் தள்ளிப்போடுவதே நல்லது.

இரண்டு காலில் நிற்கும் உருவங்களுக்கு இன்னொரு சோதனை காத்திருக்கிறது. உண்மையான விலங்கின் எடை இடுப்பின் மேல் சமநிலை கொண்டிருந்தது. அதன் பாதங்களும் அதற்கு ஏற்றவை. பொம்மையில் அதே பாதத்தை வைத்தால் கவிழ்ந்துவிடக்கூடும். சிலர் பாதத்தைப் பெரிதாக்குகிறார்கள், சிலர் வாலை ஊன்ற வைக்கிறார்கள், சிலர் அடித்தளம் தருகிறார்கள், சீனாவின் பிஎன்எஸ்ஓ போன்ற நிறுவனங்கள் கண்ணாடிபோன்ற தாங்கு கோலைச் சேர்த்து அனுப்புகின்றன. என்னைக் கேட்டால் தாங்கு கோலே மேல். உருவத்தில் பொய் கலக்காமல் அது வேலையை முடித்துவிடுகிறது.

[திரையில்: சாய்ந்து நிற்கும் ஓர் ஊனுண்ணி, வெந்நீர்க் கிண்ணம், குளிர்ந்த நீர்க் கிண்ணம்.]

நான் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய ஓர் ஊனுண்ணி முதல் வாரம் நேராக நின்றது. வெயில் ஏறியதும் கணுக்கால் மெல்ல வளைந்து, ஒரு நாள் காலையில் மூக்கை அலமாரிப் பலகையில் ஊன்றிக் கிடந்தது. பதற வேண்டியதில்லை. வளைந்த காலை வெந்நீரில் சிறிது நேரம் முக்கினால் பிவிசி இளகும். வெளியே எடுத்து, நிற்க வேண்டிய கோணத்தில் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் இறக்கினால் அந்த நிலையிலேயே இறுகிக்கொள்ளும். கொதிக்கும் நீர் வேண்டாம், அது வண்ணத்தைக் கெடுத்துவிடும். குளிர்ந்த நீரில் பிடித்திருக்கும்போது அவசரப்பட்டு விரலை எடுத்துவிடாதீர்கள். நான் முதல் முறை எடுத்துவிட்டேன், மீண்டும் வெந்நீரிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.