தீபாவளிக்குச் சரியாகப் பூத்துவிட்டது என் ஷுய்மெய் போன்சாய்!

வணக்கம் மக்களே! இன்றைக்கு என் முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் மரத்தைப் பாருங்கள். இதோ, இந்தக் கிளைக்கு அடியில். தெரிகிறதா? நூல் மாதிரி ஒரு காம்பு, அதன் நுனியில் வெள்ளை மொட்டு. பக்கத்திலேயே விரிந்த பூ ஒன்று, ஐந்து இதழும் மலர்ந்து தலைகீழாகத் தொங்குகிறது. கிளைக்குக் கிளை ஜிமிக்கி மாட்டிவிட்ட மாதிரி மரம் முழுக்க இப்படித்தான் இருக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் தாழ்வாரத்தில் மணம். மல்லிகை அளவுக்குத் தூக்கலாக இல்லை, மென்மையான மணம். லிஃப்ட் பக்கம் போன பக்கத்து வீட்டு அங்கிள் திரும்பி வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்!

தீபாவளி வாரத்தில் பூக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். பூத்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நம் சேனலைப் பார்ப்பவர்களுக்கு இந்த மரத்தைத் தெரியும். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் மொட்டைக் கட்டையாக நின்றதே, அதேதான். தாவரவியல் பெயர் ரைட்டியா ரிலிஜியோசா. இங்கே சிங்கப்பூர் நர்சரிகளில் ஷுய்மெய் என்று கேட்டால் உடனே எடுத்துக் காட்டுவார்கள். நம் ஊர் வெட்பாலைக்கு இது நெருங்கிய சொந்தம். கிள்ளினால் பால் வடியும், காய் வந்தால் ஜோடி ஜோடியாகத் தொங்கும். தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் என்று இந்தப் பக்கத்து போன்சாய்க்காரர்கள் கொண்டாடும் மரம். நம் வெயிலும் மழையும் இதற்கு அப்படியே பொருந்தும்.

எப்படிப் பூக்க வைத்தேன் என்றுதான் எல்லாரும் கேட்பீர்கள். இலையை உருவிவிட்டேன், அவ்வளவுதான். ஒரு இலைகூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும். ஷுய்மெய் புதுக் கொழுந்தில்தான் பூக்கும். இலை போனதும் மரம் அவசர அவசரமாகத் துளிர்விடும், அந்தத் துளிரோடு மொட்டும் சேர்ந்து வரும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் பூவைப் பார்க்கலாம். சீனப் புத்தாண்டுக்குப் பூக்க வேண்டும் என்று இங்கே இருக்கும் சீனப் பெரியவர்கள் நாள் பார்த்து இலை உருவுவார்கள். புத்தாண்டுக்கு முடியுமென்றால் தீபாவளிக்கு ஏன் முடியாது?

உருவும்போது இலையைக் கீழ்நோக்கி இழுக்காதீர்கள். காம்பு கிளையோடு சேரும் இடத்தில்தான் அடுத்த துளிரின் மொட்டு உட்கார்ந்திருக்கிறது. இழுத்தால் பட்டையோடு சேர்ந்து அதுவும் கிழிந்துவிடும். கிளையின் நுனி இருக்கும் திசையில் மெல்லத் தள்ளுங்கள், டக்கென்று கழன்றுவரும். இல்லையென்றால் கத்தரியால் காம்பில் வெட்டுங்கள், மிச்சக் காம்பு தானாக உதிர்ந்துவிடும். எனக்குக் கைதான் பிடிக்கும். மாலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வானொலியில் ஒலி 96.8 போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கிளையாக. அதைவிட நிம்மதியான வேலை கிடையாது.

இலை இல்லாத மரம் தண்ணீர் அதிகம் குடிக்காது. அதனால் துளிர் வரும்வரை மேல்மண் காய்ந்ததைப் பார்த்துவிட்டு ஊற்றினால் போதும். ஆனால் வெயில் வேண்டும், நல்ல வெயில். என் தாழ்வாரம் கிழக்குப் பார்த்தது, காலை வெயில் நேராக விழும். அந்த விஷயத்தில் எனக்கு வாய்த்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு தங்கம்.

சரி, இப்போது தொட்டி. தொட்டியைப் பற்றிப் பேசாமல் இந்தக் காணொளியை முடிக்க மாட்டேன்.

பாருங்கள் இந்த நீலத்தை! மெருகு போட்ட நீள்வட்டத் தொட்டி. பூக்கிற மரத்துக்கு மெருகுத் தொட்டிதான் எடுப்பு, ஊசியிலை மரத்துக்குத்தான் மெருகில்லாத மண்நிறத் தொட்டி என்று வழக்கமாகச் சொல்வார்கள். நான் அதோடு முழுக்க உடன்படுகிறேன். வெள்ளைப் பூவுக்குக் கீழே இந்த நீலம் எப்படி நிற்கிறது! அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தொட்டியின் நீளம், அடிமரத்தின் பருமன் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு ஆழம். மரம் 60 சென்டிமீட்டர், அதனால் 40 சென்டிமீட்டர் தொட்டி தேடினேன்.

கடைக்காரர் சொன்ன விலை 68 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். நான் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். தொட்டி வாங்கும்போது மேலே பார்க்கவே கூடாது, கவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் வடிய இரண்டு பெரிய துளை. அதைச் சுற்றிக் கம்பி கோக்க நான்கு சின்னத் துளை! அந்த நான்கு துளைக்காகவே நான் மயங்கிவிட்டேன். கீழிருந்து கம்பியைக் கோத்து வேரோடு சேர்த்துக் கட்டிவிட்டால் மரம் ஆடாது. ஆடாத மரத்தில்தான் புது வேர் அறுபடாமல் பிடிக்கும். சுமத்ராக் காற்று என்ற சூறைக்காற்று அடிக்கும் விடியற்காலையில் தாழ்வாரத்தில் என்னவெல்லாம் பறக்கும் என்று உங்களுக்கே தெரியும். "அங்கிள், தீபாவளி வருகிறது, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்றேன். 60 என்றார். அடுத்த அலமாரியில் இருந்த சின்னப் பச்சைத் தொட்டியைக் கையில் எடுத்தேன். இரண்டும் சேர்த்து 70 என்றார். 65 கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்! அந்தப் பச்சைத் தொட்டிக்குத் தனியாக 15 வெள்ளி ஒட்டியிருந்தது. கூட்டிப் பாருங்கள், 83 வெள்ளிச் சரக்கு 65-க்கு. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னால், "தேக்கா சந்தையில் புடவைக்குக்கூட நீ இப்படிப் பேரம் பேசினதில்லையே" என்றார். புடவையும் இதுவும் ஒன்றா?

ஆ, ஒன்றை விட்டுவிட்டேன். இலை உருவுவதற்கு முன்னால் உரம். இது மிக முக்கியம், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். மரத்தில் தெம்பு இருந்தால்தான் இலை இழப்பைத் தாங்கும். உருவுவதற்குச் சில வாரம் முன்பிருந்தே ஒழுங்காக உரம் கொடுத்து, கொழுகொழுவென்று வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். வாடிப்போன மரம், இப்போதுதான் தொட்டி மாற்றிய மரம், மாவுப்பூச்சி பிடித்த மரம், இவற்றில் ஒரு இலையைக்கூடத் தொடாதீர்கள். என் மரம் பழைய பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கும்போதுதான் இலை உருவினேன். துளிர் விட்டு மொட்டு கட்டியதும் வேர்ப்பந்தைக் கலைக்காமல் அப்படியே தூக்கி இந்த நீலத் தொட்டியில் வைத்து, சுற்றிப் புது மண் போட்டேன். வேரைக் கவாத்து செய்வது பூ முடிந்த பிறகுதான்.

மண் என்றதும் ஞாபகம் வருகிறது. ஜப்பானிய அகடாமா போடலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அது சுட்டுக் கெட்டியாக்காத களிமண் உருண்டை. நமக்கு ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதற்கு மேல் தினமும் நாம் ஊற்றும் தண்ணீர். உருண்டை சீக்கிரமே கரைந்து சேறாகி வேரின் மூச்சை அடைத்துவிடும். நான் எரிமலைக் கல், நுரைக்கல் (பியூமிஸ்), கொஞ்சம் சுட்ட மண் என்றுதான் கலக்கிறேன். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வேகத்திலேயே அடியில் வர வேண்டும்.

இப்போது எனக்குக் கோபம் வந்த கதை. பரிசுப்பொருள் விற்கும் ஒரு கடையில் போன வாரம் பார்த்தேன். தடித்த வேரோடு ஜின்செங் ஃபைக்கஸ், மேலே கூழாங்கல். கல்லை எடுக்கப் பார்த்தால் வரவில்லை, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்! தொட்டியைக் கவிழ்த்தால் அடியில் துளையே இல்லை. 45 வெள்ளி. ஊற்றுகிற தண்ணீர் உள்ளே போகவும் வழியில்லை, போனது வெளியே வரவும் வழியில்லை. பாவம், அந்த மரம் கல் இச்சி வகை. இந்த ஊரில் சுவர் இடுக்கில்கூட முளைத்து வளருகிற மரம். அதைக்கூடச் சாகடிக்கும்படி விற்கிறார்கள். வாங்கிப் போகிறவர், "போன்சாய் எனக்கு ராசியில்லை" என்று அத்தோடு விட்டுவிடுவார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. யாராவது பரிசாகக் கொடுத்திருந்தால் இன்றைக்கே கல்லை உடைத்து எடுங்கள், துளையுள்ள தொட்டிக்கு மாற்றுங்கள், வெயில் படும் இடத்தில் வையுங்கள். மரம் பிழைத்துக்கொள்ளும், அதற்கு அவ்வளவு உயிர்ப்பு.

இன்னொன்று, கறுப்புப் பைன், மேப்பிள் ஆசை. படத்தில் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்த மரங்களுக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும். சிங்கப்பூரில் பதிவானதிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை 19 டிகிரி, 1989 பிப்ரவரியில். அதுகூட அவற்றுக்குக் குளிரே இல்லை. தூங்கவே விடாமல் ஒரு மரத்தை வளர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. ஷுய்மெய், கல் இச்சி, காகிதப்பூ, புளி என்று நம் வெயிலை விரும்புகிற மரம் எவ்வளவு இருக்கிறது!

வளர்க்கும் முறையும் அப்படித்தான். நான் அதிகம் கம்பி சுற்றுவதில்லை. இங்கே மரம் வருடம் முழுக்கப் பருத்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் அசந்தால் கம்பி பட்டையில் பதிந்து வடுவாகிவிடும். எனக்குப் பிடித்தது லிங்னான் முறை, தென்சீனாவின் குவாங்டொங் பக்கத்தில் தோன்றியது. கிளையை வளரவிட்டு, வேண்டிய பருமன் வந்ததும் வெட்டி, எந்தப் பக்கம் மொட்டு பார்க்கிறதோ அந்தப் பக்கம் அடுத்த கிளையை விடுவது. வெட்டு, வளர், மறுபடி வெட்டு. இதோ பாருங்கள், இந்தக் கிளை இங்கே திரும்பி அங்கே முறுக்கிக்கொண்டு போகிறதே, இதில் கம்பியே படவில்லை. எல்லாம் கத்தரி வேலை. ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிட மெலிந்து போவதைக் கவனியுங்கள். கம்பியால் இந்த அழகைக் கொண்டுவர முடியாது.

நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள விரும்பினால் ஜூரோங்கில் சீனத் தோட்டத்துக்குப் போங்கள். 1975-இல் திறந்தது, புதுப்பிக்கும் வேலை முடிந்து 2024 செப்டம்பரில் மறுபடி திறந்தார்கள். உள்ளே சீனாவின் சூச்சோ நகரப் பாணியில் போன்சாய்த் தோட்டம் இருக்கிறது. அங்கே போனால் இலையைப் பார்க்காதீர்கள், குனிந்து அடிமரத்தையும் மண்மேல் விரியும் வேரையும் பாருங்கள்.

தாழ்வாரத்தில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1.2 மீட்டர் வழி விட வேண்டும், குடிமைத் தற்காப்புப் படையின் விதி. நான் நாடா வைத்து அளந்துதான் அலமாரி போட்டிருக்கிறேன். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், வைத்தால் தினமும் கொட்டுங்கள். டெங்கிக் கொசுவுக்கு அந்தத் துளித் தண்ணீர் போதும்.

அத்தை வந்து கேட்கிறார், சாமிக்கு நாலு பூ பறிக்கலாமா என்று. பறியுங்கள் அத்தை, நுனியில் இருப்பதை மட்டும், காம்போடு கிள்ளி எடுங்கள். மரத்துக்கும் நல்லதுதான். காய் பிடித்தால் சத்தெல்லாம் அதற்குப் போய்விடும், பூ வாடியதும் நானே எல்லாவற்றையும் கிள்ளிவிடப் போகிறேன்.

அந்த 15 வெள்ளிப் பச்சைத் தொட்டிக்கு என்ன மரம் வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. புளிக்கன்று ஒன்று தயாராக இருக்கிறது, சின்ன இலை காகிதப்பூ ஒன்றும் இருக்கிறது. எது வைக்கலாம் என்று கீழே எழுதுங்கள், அடுத்த காணொளியில் அதைத்தான் நடப்போகிறேன். தீபாவளி வாழ்த்துகள் மக்களே!