அந்த மௌனத்தில் உங்களுக்கு என்ன ஆச்சு?

நேயர்களுக்கு வணக்கம். கவுன்சலிங் வேலைக்கு வந்த புதிதில், ஒரு மாணவி எதுவுமே பேசாமல் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கை வியர்த்துவிட்டது. அந்த மௌனம் தாங்காமல் "எல்லாம் சரியாயிடும்மா" என்று சொல்லிவிட்டேன். தலையாட்டிவிட்டு எழுந்து போனவள் மறுபடி வரவே இல்லை.

ஆலோசகர்கள் தங்கள் கேஸ்களைச் சொல்லி வழிகாட்டல் பெறும் மூத்தவரை மேற்பார்வையாளர் என்போம். இதை அப்போதைய மேற்பார்வையாளரிடம் நான் சொல்லவில்லை. தப்பு என்றால் எல்லோர் முன்னாலும் கேட்பவர் அவர், வருஷா வருஷம் என் வேலையை நீட்டிக்கக் கையெழுத்துப் போடுபவரும் அவரே, அதனால் நன்றாகப் போன கேஸ்களை மட்டும் எடுத்துக்கொண்டு போவேன். "நல்லா பண்றீங்க" என்பார். அந்தப் பாராட்டு என்மேல் ஒட்டவே இல்லை. எதை மறைத்தேன் என்று எனக்குத் தெரியுமே!

அப்புறம் வேறொரு மேடத்திடம் மாறினேன். ஒருநாள் அடக்க முடியாமல் அந்த மாணவியைப் பற்றிச் சொன்னேன். "அந்த மௌனத்தில் உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவரே அந்த மாணவி மாதிரி தலைகுனிந்து உட்கார்ந்துகொண்டார், நான் எதிரில் வாய் திறக்காமல் உட்கார்ந்து பழகினேன், சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிடம் போவது அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

'இது என்னால் முடியும்' என்கிற தன்திறன் நம்பிக்கை பற்றி உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதியபோது அதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: நாமே செய்து ஜெயித்தது, பிறர் செய்வதைப் பார்த்தது, பிறர் தரும் ஊக்கம், நம் உடம்பின் பதற்றத்தை நாம் புரிந்துகொள்ளும் விதம். செய்து ஜெயித்ததற்குத்தான் வலு அதிகம் என்றார். பழைய மேற்பார்வையாளர் கொடுத்தது வெறும் ஊக்கம். மேடமோ என் வியர்த்த கையிலிருந்தே ஆரம்பித்தார்.

பிரிட்டனின் ஆலோசகர் சங்கமான பிஏசிபி, தொழில் செய்யும் அங்கீகாரம் பெற்ற (accredited) உறுப்பினர்கள் மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் மேற்பார்வை பெற வேண்டும் என்கிறது. எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் இது உண்டு. நம் ஊரில் 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி, 2022 அக்டோபரிலிருந்து இரவும் பகலும் இயங்குகிறது. சாகப்போகிறேன் என்று ஒருவர் அழுவதை நடுராத்திரியில் கேட்டுவிட்டுப் போனை வைக்கிற எந்த ஆலோசகருக்கும், மறுநாள் அதைக் கொட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வேலையை நீட்டிக்கிற அதிகாரியாக இருக்கவே கூடாது. பள்ளி, கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், மேற்பார்வை, வேலை நீட்டிப்பு இந்த இரண்டையும் தயவுசெய்து பிரித்துவிடுங்கள்.