கேத்திலில் படிவது காரிலும் படியும்

நேயர்களுக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தில் கராஜ் ஒன்றில் பெயின்ற் வேலை செய்பவன் நான். காருக்குப் பூசும் மெழுகு, அதுதான் வக்ஸ், அதைப் பற்றிக் கதைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். கார் இல்லாதவர்களும் கேளுங்கள். மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கிக்கும் இதே கதைதான்.

முதலில் உங்கள் வீட்டுக் கேத்திலுக்குள் பாருங்கள். தேத்தண்ணிக்கு நாளாந்தம் தண்ணி கொதித்துக் கொதித்து உள்ளே வெள்ளையாய்ப் படிந்திருக்கும். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணியோடு அந்தச் சுண்ணாம்பும் கரைந்து வருகிறது. கழுவிய காரை ஈரத்தோடு வெயிலில் விட்டால், துளி காய்ந்த இடமெல்லாம் ஒரு வெள்ளை வளையம் மிஞ்சும்.

காரைநகரிலிருந்து ஒரு மாஸ்ரர் கறுப்புக் கார் ஒன்று கொண்டுவந்தார். "தம்பி, ஒவ்வொரு நாளும் கழுவுறன். பிறகேன் இப்பிடி வெளிறிக் கிடக்கு?"

"கழுவினாப் பிறகு துடைக்கிறனீங்களோ, மாஸ்ரர்?"

"காத்திலை காயும்தானே."

கழுவக் கழுவச் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது. வெள்ளை வினாகிரியும் தண்ணியும் சரிக்குச் சரி கலந்து, நிழலில் துணியால் ஒற்றி, உடனேயே நிறையத் தண்ணி விட்டு அலசித் துடைத்தோம். போனற்றில் பெரும்பகுதி போய்விட்டது. கூரையில் பழைய வளையங்கள் பெயின்றையே அரித்திருந்தன; அவை போகவில்லை.

அப்போது எல்லோரும் கேட்பதை அவரும் கேட்டார்: கட் அண்ட் பொலிஷ் போட்டால் என்ன? என் அப்பா ஒஸ்ரின் ஏ 40 என்ற பழைய கார் வைத்திருந்தவர். அதற்குப் பொலிஷ் போட்டால் காரின் நிறமே துணியில் வரும். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. அதன் தடிப்பு ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றர், ஒரு தலைமயிர் அளவுகூட வராது. கட் என்பது அதைத் தேய்த்துக் குறைக்கும் வேலை. தேவைப்பட்டால் ஒருமுறை செய்யலாம். வருசப்பிறப்புக்கும் பொங்கலுக்கும் செய்து கொண்டிருந்தால் அந்தப் பூச்சு முடிந்துபோகும், பிறகு முழுக் காருக்கும் பெயின்ற் அடிக்க வேண்டியதுதான். சொன்னாலும் கேட்காமல் திரும்பத் திரும்பக் கட் போட வருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் நோகும். வக்ஸ் எதையும் குறைக்காது, மேலே ஒரு படை வைக்கும். காகம் எச்சமிட்டால் அந்தப் படைதான் முதலில் அடி வாங்கும். கழுவ உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

நல்ல வக்ஸ்களில் சேர்க்கும் கார்னோபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு மரத்திலிருந்து வருகிறது. எங்கள் பனையைப் போல விசிறி ஓலை, மட்டையில் முள். வறட்சியில் ஈரம் போகாமலிருக்க ஓலை தன்மேல் மெழுகைப் பூசிக்கொள்ளும். ஓலையை வெட்டிக் காயவைத்து, தட்டி அந்த மெழுகை எடுக்கிறார்கள். தேன்மெழுகு 62 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும், இது 80ஐத் தாண்டும்வரை நிற்கும்.

பூசும் முறைக்கு வருகிறேன். விடியவோ பின்னேரமோ, நிழலில், போனற் கைக்குக் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். கார் சவர்க்காரத்தால் கழுவித் துடைத்திருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அது பழைய வக்ஸையும் கழற்றிவிடும். பழைய சாரத் துண்டும் வேண்டாம். மடித்துத் தைத்த கரை கீறும். மைக்ரோபைபர் துணி எடுங்கள், நிலத்தில் விழுந்தால் அதை ஒதுக்கி வேறு எடுங்கள். ஒரு கதவுக்குக் கொஞ்ச வக்ஸ் போதும். தடிப்பாய்ப் பூசினால் துடைக்கக் கை நோகுமே தவிர மினுக்கம் கூடாது. மங்கலாய்க் காய்ந்ததும் வேறு துணியால் துடைத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போங்கள். கறுப்பு ரப்பர், பிளாஸ்ரிக் ஓரங்களில் பட்டால் வெள்ளையாய் ஒட்டிக்கொள்ளும், கவனம்.

இரண்டு மூன்று மாதம் நிற்கும். போனற்றில் ஒரு கோப்பை தண்ணி ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாய் உருண்டால் வக்ஸ் இருக்கிறது. பாய் விரித்தாற்போலப் பரவினால் திரும்பப் பூசுங்கள். புரட்டாதி முடியமுன், மாரி தொடங்கமுன் ஒருமுறை கட்டாயம்.

தீவுப்பகுதியிலிருந்து பண்ணைப் பாலத்தால் வந்துபோகிறவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்றால் கறள் முதலில் பிடிப்பது சில்லுக்கு மேலுள்ள வளைவின் உட்பக்கத்திலும் கதவின் அடியிலும். வக்ஸ் அங்கே எட்டாது. கிழமைக்கு ஒருக்கா அங்கே குழாயால் தண்ணி அடித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.