மியூசியமா, சூப்பர் மார்க்கெட்டா?

நடுவர் அவர்களே, வணக்கம். வெளிநாட்டில் ஓர் ஊரை நெருங்கி அறிய உதவுவது மியூசியமா, சூப்பர் மார்க்கெட்டா என்பது தலைப்பு. நான் சூப்பர் மார்க்கெட் அணி. எதிரணித் தோழி கேட்டார்: "அங்கே என்ன இருக்கிறது, கலர் கலராக விளம்பரம்தானே?"

தோழியே, விளம்பரத்தோடு சண்டையும் இருக்கிறது. சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ கலோரியோ அளவு மீறினால் உறையின் முன்பக்கமே கறுப்பு எண்கோண முத்திரை போட வேண்டும் என்று சட்டம். முத்திரை விழுந்த பெட்டியில் குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன் படம் கூடாது. ஒரு நாடு தன் பிள்ளைகளுக்காக யாரோடு மோதியது என்று பிஸ்கட் அலமாரியிலேயே தெரிகிறது!

சரி, டோக்கியோவுக்கு வாருங்கள். மியூசியத்தில் கண்ணாடிக்குள் பழைய சோற்றுக் கிண்ணம் பார்த்தேன். அழகுதான். ஆனால் சோற்றைக் கடையில்தான் கண்டேன். ஒனிகிரி என்று முக்கோணச் சோற்றுருண்டை. மேலே சுற்றும் கடற்பாசித் தாள் சோற்றில் பட்டு வெகுநேரம் இருந்தால் நமுத்துவிடும். அதனால் தாளை இரண்டு பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே வைத்து, உறையில் 1, 2, 3 என்று அச்சடித்திருக்கிறார்கள். 1இல் பிடித்து நடுவே கிழித்தேன். 2, 3 மூலைகளை இருபக்கமும் இழுத்தேன். உறை கையோடு வந்தது, பாசித்தாள் சோற்றின்மேல் தங்கியது. கடித்தால் அப்பளம்போல மொறுமொறுப்பு! ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்தும் அறியாத எனக்கு அந்த மூன்று எண்களே போதும் என்று யாரோ யோசித்திருக்கிறார் பாருங்கள், அங்கே எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அப்புறம் பால். அட்டைப்பெட்டியின் மேல் விளிம்பில் சின்னதாக ஓர் அரைவட்டம் வெட்டியிருந்தது. அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். கண் தெரியாதவர்கள் விரலால் தடவி, ஜூஸ் இல்லை, இது கலப்பில்லாத பால் என்று அறிவதற்காம். பெட்டியைத் திறக்க வேண்டிய பக்கம் அந்த வெட்டுக்கு எதிர்ப்பக்கம். அதையும் அதே விரல் சொல்லிவிடும்.

நடுவர் அவர்களே, இதைப் பார்க்க நான் டிக்கெட் வாங்கவில்லை. பால்தான் வாங்கினேன்.