கொஞ்சம் முந்தி, கொஞ்சம் பிந்தி: ஜே டில்லாவின் தாளம்

வணக்கம் நேயர்களே.

தயாரிப்பாளர் என்றதும் நமக்குப் படத்துக்குப் பணம் போடுகிறவர்தான் நினைவுக்கு வருவார். ஹிப் ஹாப்பில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. அங்கே புரொடியூசர் என்றால் பாட்டின் தாளத்தையும் இசையையும் உருவாக்குகிறவர். ராப் பாடுகிறவர் வாயைத் திறக்கும் முன்பே பாட்டின் உடல் அவர் கையில் தயாராகியிருக்கும். மேடையில் நிற்பவரை ஊரே அறியும். இவரைத் தெரிந்தவர்கள் குறைவு.

அப்படி ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பெயர் ஜேம்ஸ் டூவிட் யான்சி. முதலில் ஜே டீ என்றும், பிறகு ஜே டில்லா என்றும் அறியப்பட்டவர். 32 வயதும் மூன்று நாளும்தான் வாழ்ந்தார். ஆனால் அவர் தாளம் வைத்த விதம், அவருக்குப் பின் வந்த டிரம்மர்களின் கையையே மாற்றிவிட்டது. அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது? இயந்திரத்திலிருந்து என்பார்கள் பலர். வீட்டிலிருந்து வந்தது என்பேன் நான்.

1974 பிப்ரவரி 7. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட் நகரம். உலகத்துக்கே கார் செய்து கொடுத்த ஊர். உலகத்துக்கே பாட்டும் கொடுத்த ஊர். 1959-ல் பெர்ரி கோர்டி தொடங்கிய மோட்டவுன் நிறுவனம் ஒரு சாதாரண வீட்டை ஸ்டுடியோவாக்கி, அங்கிருந்து ஒரு தலைமுறையின் பாடல்களை வெளியிட்டது. 1972-ல் அந்த நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. நிறுவனம் போனால் என்ன, வாசித்தவர்கள், பாடியவர்கள், அவர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் எல்லாம் டெட்ராய்ட்டில்தான் இருந்தார்கள். ஜேம்ஸின் தந்தை பெவர்லி யான்சி ஜாஸ் இசையில், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் என்ற நரம்புக் கருவியை வாசிப்பவர். தாய் மொரீன் யான்சி ஓபரா பாடியவர். இருவரும் சேர்ந்து பாடுகிற வீடு அது.

இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே, பாடுகிற குரலோடு சுருதி சேர்த்து ஒலி எழுப்புவான் என்று தாய் பின்னாளில் சொன்னார். தாய்ப்பாசம் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவருடைய இசையைக் கேட்கக் கேட்க, அந்தத் தாய் குறைத்துத்தான் சொன்னாரோ என்று தோன்றியது. இரண்டு வயதிலேயே இசைத்தட்டு சேர்க்கத் தொடங்கிவிட்டார். மற்ற குழந்தைகள் பொம்மையைக் கேட்டு அழுகிற வயதில் இவர் தட்டைக் கேட்டிருக்கிறார். பூங்காவில் அந்தத் தட்டுகளைச் சுழலவிட்டுக் காட்டுவாராம்.

அந்த வீடு இருந்த இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டெட்ராய்ட்டின் வடகிழக்கில் இருக்கிறது கோனன்ட் கார்டன்ஸ். அந்த நிலம் ஒருகாலத்தில் சூபேல் கோனன்ட் என்பவருக்குச் சொந்தம். 1837-ல் டெட்ராய்ட்டில் அடிமை ஒழிப்புச் சங்கம் அமைத்தவர் அவர். கறுப்பின மக்களுக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைப்பது அந்த நாட்டில் பரவலாக நடந்த காலத்தில், கோனன்ட்டின் நிலத்துப் பத்திரத்தில் அப்படி ஒரு தடை இல்லை. அதனால் 1920-கள் தொட்டுக் கறுப்பினக் குடும்பங்கள் அங்கே வந்து சொந்த வீடு கட்டிக்கொண்டன. சொந்த வீடு என்றால் அங்கே பேஸ்மென்ட், அதாவது நிலத்தடி அறை உண்டு. பேஸ்மென்ட் இருந்தால் ஸ்பீக்கர் வைக்கலாம், நண்பர்களைச் சேர்க்கலாம், ராத்திரி முழுக்க உட்காரலாம். நூறு ஆண்டுக்கு முன்னால் எழுதிய ஒரு பத்திரத்துக்கும் ஒரு பையன் உட்கார்ந்து தாளம் போட இடம் கிடைத்ததற்கும் தொடர்பு இருக்கிறது. எனக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

ஜேம்ஸ் அந்த பேஸ்மென்ட்டில் ஒரு கேசட் டெக்கை வைத்துத்தான் தொடங்கினார். பாட்டை ஓடவிட்டு, வேண்டிய துண்டு வந்ததும் பதிவு செய்து, நிறுத்தி, பின்னுக்குச் சுற்றி, அதே துண்டை மறுபடி பதிவு செய்வது. இப்படி ஒட்டி ஒட்டி நீட்டினால் இரண்டு விநாடித் துண்டு மூன்று நிமிடப் பாட்டாகும். ஒரு விரல் தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காது கூர்மையாக இல்லாதவர் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்.

பெர்ஷிங் உயர்நிலைப் பள்ளிக் காலத்து நண்பர்கள் டி3, பாட்டீன் இருவரும் இவரும் சேர்ந்து ஒரு ராப் குழுவானார்கள். பின்னால் ஸ்லம் வில்லேஜ் என்று பெயர் பெற்ற குழு அதுதான். அதே பேட்டையில் ஆம்ப் ஃபிட்லர் என்று ஒரு கீபோர்டு கலைஞர் இருந்தார். ஜார்ஜ் கிளின்டனின் பார்லிமென்ட் ஃபங்கடெலிக் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர். பேட்டைப் பையன்களுக்குத் தன் வீட்டைத் திறந்துவிட்டார். அவரிடம் அகாய் எம்பிசி 60 என்ற கருவி இருந்தது. 1992 வாக்கில் அதை ஜேம்ஸின் முன்னால் வைத்தார். கையேடு எதையும் கொடுக்கவில்லை. தட்டிப் பார், தானாகப் பிடிபடும் என்கிற மாதிரி விட்டுவிட்டார். குருவின் வேலை சில சமயம் அவ்வளவுதான். கருவியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது.

அந்தக் கருவியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ரோஜர் லின் வடிவமைத்து, ஜப்பானின் அகாய் நிறுவனம் 1988-ல் வெளியிட்டது. மேசையில் வைக்கிற பெட்டி. அதன் முகத்தில் வரிசைக்கு நான்காக 16 ரப்பர் பட்டைகள். பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை உள்ளே வாங்கி, அதை வெட்டி, ஒரு பட்டையில் காலால் மிதித்து வாசிக்கிற பெரிய டிரம்மான கிக், இன்னொன்றில் சுள்ளென்று ஒலிக்கிற ஸ்னேர் டிரம், மற்றொன்றில் பியானோவின் ஒரு கீற்று என்று வைத்துக்கொண்டு விரலால் தட்டலாம். உள்ளே இருந்த நினைவகம் மொத்தமே 13 விநாடிக்குத்தான். அதனால் கையில் இருக்கிற 13 விநாடியில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானித்தே ஆக வேண்டும்.

அப்புறம் அதில் ஒரு வசதி உண்டு. ஒரு அடியை 96 பங்காகப் பிரித்து, நீங்கள் தட்டியது கொஞ்சம் முன்பின் ஆனால், அருகிலிருக்கிற சரியான கட்டத்துக்கு அதுவே நகர்த்தி வைத்துவிடும். குவான்டைஸ் என்பார்கள். நிமிடத்துக்கு 90 அடி ஓடுகிற பாட்டில் அந்த ஒரு பங்கு என்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஏழு பாகம். கை தவறினாலும் கருவி தவறாது. அன்றைய பாடல்கள் பலவும் கட்டம் போட்ட தாளில் எழுதியது போல நேராக நின்றதற்கு இது ஒரு காரணம்.

நேயர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்தில் மேசை இருந்தால் விரலால் தட்டுங்கள். தக, தக, தக, தக. ஒவ்வொரு அடியும் சரிபாதி. இது நேர் நடை. இப்போது ஒரு அடியைத் தகிட என்று மூன்றாக்கி, நடுவில் வருகிற 'கி'யை மட்டும் தட்டாமல் விடுங்கள். தா...ட, தா...ட. நடை ஆடத் தொடங்குகிறது அல்லவா? ஜாஸ்காரர்கள் இதைத்தான் ஸ்விங் என்கிறார்கள். சதுஸ்ரத்துக்கும் திஸ்ரத்துக்கும் இடையில் எத்தனையோ நிலைகள் உண்டு, எம்பிசியில் அந்த ஆட்டத்தின் அளவையும் கூட்டிக் குறைக்கலாம். வழக்கமாக ஒரு பாட்டுக்கு ஒரு நடை. நேராக என்றால் எல்லாம் நேராக, ஆட்டம் என்றால் எல்லாம் ஆட்டம்.

ஜே டில்லா இரண்டையும் ஒரே பாட்டில் வைத்தார். மேலே ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத் தட்டு நேராகப் போகும். கீழே கிக் ஆடிக்கொண்டு வரும். நடுவில் ஸ்னேர் ஒரு மயிரிழை முந்தி விழும். பேஸ் சோம்பலாகப் பின்னால் வந்து சேரும். நான்கு பேர் ஒரே தெருவில் அவரவர் நடையில் நடந்து, ஒரே வாசலில் ஒன்றாக வந்து நிற்பது போல இருக்கும். அவர் குவான்டைஸை அணைத்துவிட்டு ஏனோதானோ என்று தட்டினார், அவ்வளவுதான் என்று ஒரு கதை உலவுகிறது. இந்தக் கதையை நான் ஏற்பதில்லை. கை தவறி விழுகிற அடி ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும். இவருடைய ஸ்னேர் முந்துவது திட்டமான அளவில் முந்தும், சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில் வந்து விழும். ஒலியை இத்தனை பங்கு முன்னே, இத்தனை பங்கு பின்னே என்று நகர்த்துகிற வசதியும் அந்தக் கருவியிலேயே இருந்தது. எல்லாரும் தாளத்தைத் திருத்தப் பயன்படுத்திய பெட்டியை இவர் தாளத்தைத் தளர்த்தப் பயன்படுத்தினார். வேண்டுமென்றே, அளந்து.

முதன்முதலில் இவர் பாட்டைக் கேட்டபோது பிளேயரில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். என் கை ஒரு இடத்தில் விழுந்தது, கிக் வேறு இடத்தில் விழுந்தது. மூன்றாவது முறை கேட்கும்போது தலை தானாக ஆடியது, நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன். அந்தத் தளர்வு பேஸ் வாசிப்பவருக்குத் தெரியும். நல்ல பேஸ் கலைஞர் அடியின் மேலேயே விழமாட்டார். சற்றுத் தொட்டும் தொடாமலும் பின்னால் சாய்ந்து வாசிப்பார். தொட்டிலில் கிடந்தபோதே தந்தையின் பேஸைக் கேட்ட காது இது. கருவி பின்னால்தான் வந்தது.

சரி, இந்த பேஸ்மென்ட் இசை வெளியே வந்த கதைக்கு வருவோம். 1994-ல் லொல்லாபலூசா இசைப் பயணத்தில் ஜார்ஜ் கிளின்டன் குழுவும், நியூயார்க்கின் புகழ்பெற்ற எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் குழுவும் சேர்ந்தே சுற்றின. ஆம்ப் ஃபிட்லர் ட்ரைப் குழுவின் ராப்பர் கியூ-டிப்பிடம் ஜேம்ஸை அறிமுகம் செய்து வைத்தார். ஒரு கேசட் கைமாறியது. கியூ-டிப் அதைக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் தெரிந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். தனக்குப் போட்டியாக வரக்கூடிய 20 வயதுப் பையனின் நாடாவைத் தானே தூக்கிக்கொண்டு திரிந்த அந்த மனிதரின் பெருந்தன்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

1995-ல் கலிபோர்னியாவின் ஃபார்சைட் குழுவின் இரண்டாவது ஆல்பத்தில் 'ரன்னிங்', 'டிராப்' உட்படப் பல பாடல்கள் இவர் கைவண்ணம். 1996-ல் டி லா சோல் குழுவின் ஆல்பத்துக்குத் தலைப்புப் பாட்டு, ட்ரைப் குழுவின் நான்காவது ஆல்பம், ராப்பர் பஸ்டா ரைம்ஸின் பாடல்கள் என்று வரிசையாக வந்தன. கியூ-டிப், அதே ட்ரைப் குழுவின் அலி ஷஹீத் முகம்மது, இவர் மூவரும் தி உம்மா என்ற கூட்டுப் பெயரில் வேலை செய்தார்கள். அரபியில் அதற்குச் சமூகம் என்று பொருள். கூட்டுப் பெயரில் ஒரு சிக்கல் உண்டு: உள்ளே யார் எதைச் செய்தார் என்று வெளியே தெரியாது. அதனால் பாட்டைக் கேட்டவர்களில் பலர் செய்தவரின் பெயரைக் கேட்காமலே இருந்தார்கள்.

ஆனால் இசைக்காரர்கள் கண்டுகொண்டார்கள். தி ரூட்ஸ் குழுவின் டிரம்மர் குவெஸ்ட்லவ் அதுவரை காலம் தவறாமல் டிக் டிக் என்று அடிக்கும் மெட்ரோனோம் கருவி போல நேராக வாசிக்கப் பாடுபட்டவர். இவருடைய கிக்கைக் கேட்ட பிறகு, அந்த ஒழுங்கை மறப்பதற்குத் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டார். மனிதன் வாசிப்பதை இயந்திரம் நகல் எடுத்த காலம் போய், இயந்திரத்தில் ஒருவர் செய்ததை மனிதன் கையால் நகல் எடுக்கத் தொடங்கினான். பாடகர்கள் டிஏஞ்சலோ, எரிக்கா படு, ராப்பர் காமன், கீபோர்டு கலைஞர் ஜேம்ஸ் போய்சர், குவெஸ்ட்லவ் எல்லாரும் கித்தார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டிய நியூயார்க்கின் எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் கூடி வேலை செய்தார்கள். 2000-ல் வெளிவந்த அவர்களுடைய ஆல்பங்களில் இந்தத் தளர்ந்த நடை எங்கும் பரவிக் கிடக்கிறது. அதே ஆண்டு ஸ்லம் வில்லேஜின் ஆல்பமும் கடைக்கு வந்தது. இத்தனைக்கும் நடுவில் ஜேம்ஸ் டெட்ராய்ட்டை விடவில்லை. காமன் போன்றவர்கள்தான் அந்த பேஸ்மென்ட்டைத் தேடி வந்தார்கள்.

2001-ல் முதல் தனி ஆல்பம், அதன் பெயரிலேயே டெட்ராய்ட் இருக்கிறது. ஜே டில்லா என்று பெயரை மாற்றிக்கொண்டதும் அப்போதுதான். மறு ஆண்டே அபூர்வமான ரத்த நோய் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது, உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்குகிற லூபஸ் நோயும் சேர்ந்துகொண்டது. 2004-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபோனார். மருத்துவமனை அறைக்குச் சின்ன ரெக்கார்டு பிளேயரும், ஒலித்துண்டுகளை வெட்டி வாசிக்கிற சாம்பிளர் கருவியும் வந்தன. விரல்கள் வீங்கி மடங்காமல் போனபோது, தாய் மொரீன் கட்டிலருகே உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக நீவிவிடுவார். வீக்கம் கொஞ்சம் இறங்கியதும் அவர் மறுபடி பட்டைகளைத் தட்டுவார். 31 துண்டுகள் கொண்ட 'டோனட்ஸ்' 2006 பிப்ரவரி 7 அன்று, அவருடைய 32-ஆவது பிறந்த நாளில் வெளிவந்தது. பத்தாம் தேதி இறந்தார்.

அந்த எம்பிசி வரிசையில் பின்னால் வந்த, அவர் பயன்படுத்திய எம்பிசி 3000 இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொடுத்தவர் அந்தத் தாய்தான்.

நேரம் முடியப் போகிறது. இந்த உரைக்குப் பிறகு 'ரன்னிங்' பாட்டின் ஒரு பகுதியை ஒலிபரப்புவதாக நிலையத்தார் சொல்லியிருக்கிறார்கள். முதலில் காதில் விழுவது லூயிஸ் போன்ஃபாவின் கித்தார். அவரும் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸும் சேர்ந்து செய்து 1963-ல் வந்த ஒரு தட்டிலிருந்து எடுத்தது. அது உங்களை இழுக்கும். கொஞ்ச நேரம் அதை விட்டுவிட்டு, கீழே இருக்கிற கிக்கை மட்டும் பின்தொடருங்கள். தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். வணக்கம்.